கதை கிடக்கட்டும், நிற்க இடம் இருக்கா? நெல்லை டவுனில் மரபு நடை கூட்டிப்போக ஒரு வழிகாட்டி

முதல் தடவை மரபு நடை, அதாவது ஊரின் பழமையை நடந்தே சுற்றிக் காட்டிக் கதை சொல்வது, என்று ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பியபோது என் பையில் நாற்பது பக்கக் குறிப்பு இருந்தது. 26 பேர் வந்திருந்தார்கள். மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எல்லோரையும் நிறுத்தி, பாண்டியர் காலத்தில் தொடங்கி நாயக்கர் காலம் வரை வந்திருப்பேன். பின்னால் கதவு திறந்தது. ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் கோலப்பொடிக் கிண்ணமுமாக ஓர் ஆச்சி.

"ஏ ஐயா, கதை சொல்லுததுக்கு எங்க வீட்டு நடைதான் கெடச்சுதா? தள்ளி நில்லுங்க, தண்ணி தெளிக்கணும்."

எங்கள் பக்கம் வாசலை நடை என்போம். நாங்கள் நடத்திக்கொண்டிருந்ததும் நடை. அடித்துப் பிடித்துக் கோயிலுக்கு ஓடினால் அங்கே சாத்தியிருந்ததும் நடை. அன்றைக்கு மூன்றிலும் அடி வாங்கினேன். அதற்குப் பிறகு குறிப்பை நாலு பக்கமாகக் குறைத்துவிட்டு, எங்கே நிற்பது என்பதைத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வருவதும் அதுதான். கதை எல்லோரிடமும் இருக்கிறது. இருபது பேர் பத்து நிமிடம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்க இடம் கண்டுபிடிப்பதுதான் பாடு.

முதலில் எல்லையைச் சுருக்குங்கள்

வெளியூர்க்காரர்களுக்குத் திருநெல்வேலி ஒரே ஊர். நமக்கு டவுன் வேறு, ஜங்ஷன் வேறு, ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டை வேறு. மூன்றையும் ஒரே காலையில் காட்டிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். அது வேனில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற வேலை, நடை ஆகாது.

டவுனை எடுத்துக்கொண்டால் வரைபடமே தேவையில்லை. நடுவில் சுமார் 14 ஏக்கரில் நெல்லையப்பர் கோயில். அதைச் சுற்றி மாட வீதிகள், அதற்கும் வெளியே நான்கு ரத வீதிகள். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்று முக்குக்கு முக்கு ஒரு பெயர். வழி தவறினாலும் சுற்றிச் சுற்றிக் கோபுரத்துக்கே வந்து சேருவீர்கள். புதியவருக்கு இதைவிடத் தோதான பேட்டை கிடையாது.

இரண்டு மணி நேரம், இரண்டு கிலோமீட்டர், ஏழு நிறுத்தம். இதற்கு மேல் வைத்தால் கடைசி இரண்டு நிறுத்தத்தில் நீங்கள் சொல்வதைக் கேட்க ஆள் இருக்கும், காது இருக்காது.

ஆள் கூட்டுமுன் மூன்று முறை தனியாக நடங்கள்

முதல் முறை சும்மா நடங்கள். எதையும் எழுத வேண்டாம். இரண்டாம் முறை, நீங்கள் நடத்தப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் நடங்கள். ஞாயிறு காலை ஆறரை மணி ரத வீதிக்கும் திங்கள் காலை ஒன்பது மணி ரத வீதிக்கும் சம்பந்தமே கிடையாது. மூன்றாம் முறை, வீட்டில் வயதானவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் என் அம்மாவைக் கூட்டிப்போனேன். எந்தெந்த இடத்தில் அவள் உட்காரத் தேடினாளோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிகள்தான் இன்றைக்கும் என் நிறுத்தங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நோட்டில் மூன்று கேள்வி எழுதுங்கள். நிழல் எந்தப் பக்கம்? சத்தம் எப்படி? யாருடைய நடை?

நிழல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் புத்தகங்களில் இது இருப்பதில்லை. கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் கீழ ரத வீதியில் கோபுரத்தைப் பார்த்து நின்றால் சூரியன் உங்களுக்குப் பின்னால். வீதியின் கிழக்கு ஓரத்துக் கடைகளின் நிழல் வீதியில் விழுந்துகிடக்கும், எதிரே கோபுரம் வெயிலில் பளிச்சென்று நிற்கும். கேட்பவர்களை அந்தக் கடை ஓரத்தில் கோபுரம் பார்க்க நிறுத்திவிட்டு, நீங்கள் அவர்கள் எதிரே கோபுரத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள். வெயில் ஏறும்போது முதலில் உங்கள் முகத்தில்தான் படும். படட்டும். கண் கூசுகிறவன் கதை கேட்கமாட்டான். கூசினாலும் சொல்லத்தான் வேண்டும் என்பது உங்கள் தலைவிதி. அந்த நேரத்தில் கடைகளின் ஷட்டரும் இறங்கித்தான் இருக்கும், ஒருவர் வியாபாரத்தையும் மறிக்கவில்லை. இதே இடத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். மேற்கு வெயில் நேராகக் கேட்பவர் முகத்தில். போதாததற்கு அல்வா வாங்க வந்த கூட்டம் வேறு.

கிழக்கு மேற்காக ஓடும் வடக்கு, தெற்கு ரத வீதிகளில் கணக்கு மாறும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வீதியின் தென் ஓரத்தில் நிழல் நிற்கும். ஆனியில் அந்த ஓரத்தை நம்பிப் போனால் ஏமாறுவீர்கள். ஆகவே ஒரு தடவை பார்த்துவைத்த இடம் வருஷம் முழுக்கச் சரிப்படாது.

சத்தத்துக்கு ஒரே மருந்துதான். பஸ் வந்தால் வாயை மூடுங்கள். அது போன பிறகு பேசுங்கள். ஹாரனோடு போட்டி போட்டுக் கத்தினால் அரை மணி நேரத்தில் தொண்டை போய்விடும். இடுப்பில் கட்டும் ஸ்பீக்கரை நான் ஒருமுறை கொண்டுபோனேன், தெருவே எட்டிப் பார்த்தது. தேர்தல் பிரசாரம் என்று நினைத்துவிட்டார்கள்.

சொல்வதைத் தரம் பிரித்துச் சொல்லுங்கள்

நம் ஊரில் கதைக்குப் பஞ்சமில்லை என்பதே ஆபத்து. நான் மூன்று வாலாக வைத்திருக்கிறேன். "ஆவணத்தில் இருக்கு", "தலபுராணம் சொல்லுது", "தெருவுல சொல்லுதாங்க". ஒவ்வொரு கதை முடிவிலும் இந்த மூன்றில் ஒன்று வரும். கேட்பவர்கள் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள். ஏதாவது ஒன்றில் வாலை விட்டுவிட்டால் அவர்களே கேட்பார்கள்: "அண்ணாச்சி, இது எதுல?"

வேதசர்மா சுவாமிக்கு நைவேத்தியத்துக்காக நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். மழை கொட்டியது. பதறி ஓடி வந்து பார்த்தால் நெல்லைச் சுற்றி மட்டும் வேலி போட்டதுபோல் ஒரு சொட்டு விழவில்லை. அதனால் நெல்வேலி. இது தலபுராணம். சம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பதிகம் பாடியிருக்கிறார். அது தேவாரத்தில் இருக்கிறது. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை வடமலையப்ப பிள்ளையன் 1647-ல் கட்டினார். இது வரலாறு. தாமிரபரணித் தண்ணீரில்தான் அல்வாவுக்கு அந்த ருசி வருகிறது என்பது தெருவில் சொல்வது. கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்காகக் கிண்டும் கைப்பழக்கத்துக்கும் அதில் பங்கு இருக்கும் என்பது என் அபிப்பிராயம். தெருவில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நான் சொல்லுகிறேன்.

இப்படித் தரம் பிரிப்பதால் கதையின் அழகு குறையும் என்று பயப்படாதீர்கள். வேதசர்மா கதையை உண்மையா பொய்யா என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. ஆண்டு எண்ணைத் தப்பாகச் சொன்னபோதுதான் வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. கண்ணால் காட்ட முடிகிற விஷயத்தை முதலில் சொல்லுங்கள். முக்கில் நின்று, "இந்தத் திருப்பம் ஏன் இவ்வளவு அகலம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது ஒருவர் "தேர் திரும்ப" என்பார். ஆனித் திருவிழாவில் விநாயகர், முருகர், சுவாமி, அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர் இந்த நான்கு வீதியைச் சுற்றுகிறது. முன்னால் வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிறவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். நேராக ஓடத்தான் அந்தத் தேருக்குத் தெரியும். அதை முக்கில் திருப்புவது கட்டை போடுகிறவர் கை. கையில் ஒரு தீப்பெட்டியும் குச்சியும் வைத்து நான் செய்து காட்டுவேன். தீப்பெட்டியை நகர்த்தி, ஒரு மூலைக்கு அடியில் குச்சியைச் செருகினால் பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பும். வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியில் ஞாபகம் இருப்பது அந்தத் தீப்பெட்டிதான்.

காட்ட ஒன்றுமே இல்லாத கதையும் உண்டு. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசுக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிர் போனது. இதைச் சொல்லும்போது நான் கையை நீட்டி எதையும் காட்டுவதில்லை. ஓரமாக நின்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தம் வரை ஒன்றும் பேசாமல் நடப்பேன். பாரதி சிறுவயதில் படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளியும் டவுனில்தான் இருக்கிறது. வேலை நாளில் பள்ளிக்கூடத்துக்குள் கூட்டத்தோடு நுழையாதீர்கள். உள்ளே போக வேண்டுமென்றால் முன்கூட்டித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் வெளியே நின்று சொன்னால் போதும்.

கோயிலுக்குள்

கோயில் நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையுடையது. கூட்டமாக வருகிறீர்கள் என்றால் கோயில் அலுவலகத்தில் முதல் நாளே சொல்லி, எங்கே நின்று பேசலாம், கேமரா கூடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சன்னதிக்கு முன்னால் நின்று விளக்கவுரை நடத்தாதீர்கள். அது கும்பிட வந்தவர்கள் இடம். சொல்ல வேண்டியதை வெளி மண்டபத்தில் சொல்லிவிட்டு, உள்ளே பேசாமல் பார்க்க விடுங்கள். மாற்று மதத்தவர் வந்திருந்தால் எதுவரை வரலாம் என்பதை வாசலிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு ஒருவரைத் தடுத்து நிறுத்துவது அவருக்கும் அவமானம், உங்களுக்கும்.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். திரும்ப மாலையில்தான் திறப்பு. அதனால் கோயிலைக் கடைசி நிறுத்தமாக வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். வெயில் ஏறினால் பிராகாரத்துக் கல் சுடும். பெரியவர்களைக் காலுறை கொண்டுவரச் சொல்லலாம்.

மணி மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்லி யாராவது கட்டாயம் கேட்பார்கள். தட்டாதீர்கள், தட்டவும் விடாதீர்கள். ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள் அவை. சாவியாலும் காசாலும் தட்டித் தட்டித்தான் இந்த மாதிரித் தூண்கள் எத்தனையோ ஊரில் தேய்ந்துபோயின. ஊஞ்சல் மண்டபத்தின் 96 தூண்களை எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகள் அதில் மும்முரமாகிவிடுவார்கள். தாமிர சபையில் மேலே செப்பையும் கீழே மரவேலையையும் பார்க்கச் சொல்லிவிட்டு, நடராசரின் ஐந்து சபைகளில் இது ஒன்று, இன்னொன்று குற்றாலத்துச் சித்திர சபை என்று சொன்னால் போதும். ஐந்தில் இரண்டு நம் சீமையில் என்று அவர்களே பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

இப்போது செருப்பு. சிரிக்காதீர்கள். சுவாமி வாசலில் 18 பேரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனோம். சங்கிலி மண்டபத்தைக் காட்டுகிற ஆர்வத்தில் அம்மன் கோயிலுக்குப் போய், அப்படியே அம்மன் வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். மணி பதினொன்று. பங்குனி வெயில். தார் ரோட்டில் 18 பேர் துள்ளித் துள்ளிச் சுவாமி வாசலுக்கு ஓடியதைத் தெருவே நின்று பார்த்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எந்த வாசலில் நுழைகிறீர்களோ அதே வாசலில் வெளியேறுங்கள். அல்லது ஒரு சாக்குப் பையில் எல்லாச் செருப்பையும் போட்டு, உள்ளே வராத ஒருவரிடம் கொடுத்து, மறு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆட்கள், வால், காசு

பதினைந்து பேர் நல்ல எண்ணிக்கை. இருபதைத் தாண்டினால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். கூட்டம் பெரிதாகிறது, வீதியை மறிக்கும் என்று தோன்றினால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவைப்பது நல்லது.

முன்னால் நீங்கள் போகிறீர்கள். பின்னால் ஒருவர் வேண்டும். நாங்கள் அவரை வால் என்போம். அவர் வேலை கதை கேட்பது அல்ல. ஒவ்வொரு முக்கிலும் தலை எண்ணுவது, போட்டோ எடுக்கப் பின்தங்குகிறவரை நகர்த்துவது, ரோட்டைக் கடக்கும்போது கை காட்டுவது. கழிப்பறை எங்கே என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் இதை உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள். கிளம்பும் இடத்திலேயே, "இங்கே ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

கட்டணத்தை முதலிலேயே சொல்லுங்கள். கூச்சப்பட்டு "உங்க இஷ்டம்" என்று விட்டால் இரண்டு பக்கமும் சங்கடம். முதல் ஐந்து நடையை நான் காசு வாங்காமல் நடத்தினேன், ஏனென்றால் அது எனக்குப் படிப்பு. கடைகளில் கமிஷன் மட்டும் வாங்காதீர்கள். எந்தக் கடை அல்வா நல்லது என்று கேட்பார்கள். நீங்கள் நிஜமாகவே வாங்கும் கடையைச் சொல்ல முடிய வேண்டும். இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். காலை நடைக்கு வந்தவர்கள் பூட்டிய கடையைப் பார்த்து முகம் வாடிவிடுவார்கள், அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தெரு உங்களுடையது அல்ல

நடைக்கு முந்தின நாள் சாயங்காலம் வழியெல்லாம் ஒரு சுற்று போய், பூக்காரம்மா, டீக்கடை அண்ணாச்சி, நிறுத்தத்துக்கு எதிர் வீட்டுக்காரர் என்று நாலு பேரிடம் "நாளைக்குக் காலைல பத்துப் பதினஞ்சு பேரோட வாரோம்" என்று சொல்லிவையுங்கள். வீட்டுத் திண்ணையையோ உள்முற்றத்தையோ யாராவது எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். பழைய வீடு என்பதால் அது பொருட்காட்சி ஆகிவிடாது. குளிக்கிறவரை, கோலம் போடுகிறவரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று கிளம்பும் இடத்திலேயே சொல்லுங்கள்.

தெருக்காரர் யாராவது நடுவில் வந்து, "அதெல்லாம் தப்பு, நான் சொல்லுதேன் கேளுங்க" என்று ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் உங்கள் திட்டம் குலையும். ஆனால் அவர் சொல்வது உங்கள் நோட்டில் இருக்காது. முடிந்ததும் நன்றி சொல்லி, "தெருவுல சொல்லுதாங்க" என்ற வாலைப் போட்டு நகருங்கள். அன்றைக்கு என்னை விரட்டிய ஆச்சி இப்போது அந்தச் சந்தைப் பற்றி எனக்குத் திருத்தம் சொல்லுகிறாள். ஏழரைக்கு மேல்தான் அங்கே போகிறோம், அதற்குள் கோலம் முடிந்திருக்கும்.

டவுன் கைவந்த பிறகு

பாளையங்கோட்டைக்குப் போகலாம். 1785-ல் எழுந்த குளோரிந்தா ஆலயம், ஊசிக்கோபுரம் என்று எல்லோரும் சொல்லும் 1826-ம் வருஷத்துத் தூய திரித்துவப் பேராலயம், ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பிய கதை என்று இன்னொரு காலைக்குத் தாராளமாக இருக்கிறது. ஆலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை நேரம், அப்போது போகாதீர்கள்.

ஆற்று நடை தனி. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோசன முதலியார் தன் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலம் இன்றும் ஜங்ஷனையும் கொக்கிரகுளத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பாலத்தின் மேல் நின்று பேசாதீர்கள், போக்குவரத்து உங்களை நிற்கவிடாது. கரையில் இறங்கி வளைவுகளைக் காட்டுங்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, வெள்ளத்தில் முழுகும். 2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஆற்று நடை வைப்பதென்றால் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று காலையிலும் ஒருமுறை விசாரியுங்கள். மற்ற மாதங்களிலும் படித்துறைப் பாசி வழுக்கும். வாலை முன்னால் அனுப்புங்கள்.

முடிக்கும் இடம்

டீக்கடையில் முடியுங்கள். கடைக்காரருக்கு முன்பே தலை எண்ணிக்கை சொல்லிவிட்டால் டம்ளர் தயாராக இருக்கும். உட்கார்ந்த பிறகுதான் நல்ல கேள்விகள் வரும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் குளிப்பதற்கு முன்னால் நோட்டை எடுங்கள். எங்கே கால் மாற்றி நின்றார்கள், எங்கே செல்போனை எடுத்தார்கள், எந்த முக்கில் வால் கத்தினார் என்று எழுதிவையுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "14 பேர். தீப்பெட்டி மறந்துவிட்டேன். ஐந்தாவது நிறுத்தத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். வேறு நிழல் பார்க்கணும்."